சொடுக்குப் பதிவுகளும் அலுவலகத் தேடலும்

கோலார் தங்கவயலுக்கு நெடுங்காலம் குடிநீர் வழங்கிய ஊர் பேத்தமங்களா. பாலாற்று நீரைத் தேக்கிய ஏரியும் நீரேற்று நிலையமும் ஜான் டெய்லர் கம்பெனியாரின் காலத்திலேயே சுரங்க நகரத்தின் உயிர்நாடியாக விளங்கின. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் வசமாயின. 1962-இல் மத்திய அரசுக்கு மாறின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28-இல் அது மூடப்பட்டது. இத்தனை கைமாறிய ஓரிடத்தின் ஆவணங்கள் ஒரே பெயர் வழக்கைப் பின்பற்றியிருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. அருகிலுள்ள பங்காருப்பேட்டை பழைய ஏடுகளில் பௌரிங்பேட்டை ஆகும். பேத்தமங்களாவையோ தமிழர் சிலர் பேத்தமங்கலம் என்பர். ஆங்கிலத்திலும் அப்பெயர் பலவாறு எழுதப்படுகிறது.

இத்தகைய கோப்புகளைக் கணினியில் ஏற்றித் தேடும் வசதி செய்துள்ள ஓர் அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறிக்குப் பங்காருப்பேட்டையும் பௌரிங்பேட்டையும் இருவேறு ஊர்கள். ஆனால் ஓர் அலுவலர் முதற்பெயரைத் தட்டி, எதையும் திறவாமல், அடுத்த கணமே இரண்டாம் பெயரைத் தட்டி ஒரு கோப்பைத் திறக்கிறார். வேறு சிலரும் அவ்வாறே செய்கின்றனர். இந்த வரிசை பதிவாகியிருப்பின், இரு பெயர்களும் ஒன்றே என்பதைப் பொறி அறிந்துகொள்ள இயலும். அகராதி தொகுப்போர் செய்ய வேண்டிய பணியைத் தேடுவோரே அறியாமல் செய்து விடுகின்றனர்.

எனினும் சொடுக்கு ஒவ்வொன்றையும் தகுதிச் சான்றாகக் கொள்வது பிழையாகும். மேலே இருப்பதையே மக்கள் முதலில் திறக்கின்றனர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தார்ஸ்டன் யோவாக்கிம்ஸும் அவருடைய குழுவினரும் தேடுவோரின் கண் அசைவை அளந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. முடிவுகளின் வரிசையைத் தலைகீழாக்கிக் காட்டியபோதும் மேலிடத்தின் ஈர்ப்பு நீங்கவில்லை. ஆகவே வெறும் எண்ணிக்கையைக் கொண்டு வரிசைப்படுத்தினால், தற்செயலாக மேலே வந்தது மேன்மேலும் உயர்ந்துகொண்டே போகும்.

யோவாக்கிம்ஸ் 2002-லேயே ஒரு வழி கூறியிருந்தார். ஒருவர் முதலிரு முடிவுகளைத் தாண்டி மூன்றாவதைத் திறந்தால், அம்மூன்றாவது மற்ற இரண்டினும் அவருக்குப் பொருத்தமாகத் தோன்றியது என்று மட்டுமே கொள்ள வேண்டும். அடுத்தடுத்த இரு முடிவுகளை அவ்வப்போது இடம் மாற்றிக் காட்டி ஒப்பிடுவதும் பயனுள்ளது.

உலகளாவிய தேடுபொறிகளுக்கு இவை எளிது. அவற்றிற்குக் கோடிக்கணக்கான தேடல்கள் கிடைக்கின்றன. அலுவலகத்திலோ ஒரு சொல்லை ஆண்டுக்கு நான்கு பேர் தேடினாலே அதிகம். ஒருவரே பத்து முறை திறந்ததைப் பத்துப் பேரின் தீர்ப்பாக எண்ணிவிடக் கூடாது.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. விடுமுறைப் பட்டியலை அனைவரும் திறப்பர். மூடப்பட்ட சுரங்கத்தின் பணிப்பதிவேட்டை எவரோ ஒருவர்தான் தேடுவார். ஆனால் ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்குச் சேர வேண்டிய தொகை அந்தப் பதிவேட்டைப் பொறுத்திருக்கலாம். குழாய் வழியைக் காட்டும் பழைய வரைபடமும் அத்தகையதே. தேடிய சொல்லுக்குப் பொருந்தும் ஆவணங்களுக்குள் முன்பின் வரிசையை நிர்ணயிக்க மட்டுமே சொடுக்குகளைப் பயன்படுத்துவது நன்று. அரிதாகத் திறக்கப்படுவது என்ற காரணத்தால் எதையும் பட்டியலிலிருந்து நீக்குதல் தகாது.

தேடியவர் யார் என்பதையும் காக்க வேண்டும். மருத்துவ விடுப்பு விதிகளையோ புகார் அளிக்கும் முறையையோ ஓர் ஊழியர் தேடினார் என்பது மேலதிகாரிக்குத் தெரிய வேண்டியதில்லை. பெயரை நீக்கிச் சொல்லையும் சொடுக்கையும் மட்டும் சேமித்தால் போதும்.

எவரும் எதையும் திறவாத தேடல்களின் பட்டியலை ஆவணக் காப்பாளர் மாதந்தோறும் பார்வையிடுவது இவை அனைத்தினும் பயன் தரக்கூடும். பல நேரங்களில் குறை வரிசையில் இராது. தேடப்பட்ட கோப்பு இன்னும் பீரோவிலேயே இருக்கும்.