பரிசோதனைக்குப் பணம் கட்டியது யார்?

பழனிசெட்டிபட்டியில் ஒருவர் ‘மருந்து வாங்கப் போறேன்’ என்றால், ஆளுக்கா பயிருக்கா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து. திராட்சைப் பந்தலில் அடிப்பதும் மருந்து. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடிகாலையில் ஜீப் ஏறி இடுக்கி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கும் அந்த வாடை பழக்கம். இது உடம்புக்குக் கெடுதலா என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியது ஆய்வகம். அந்த ஆய்வகத்துக்குப் பணம் கட்டியவர் யாரென்று நாம் கேட்பதே இல்லை.

காசர்கோட்டுக்காரர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய நிலைமை அவர்களுக்கு.

அங்கே கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். 2000 வரை அது நடந்தது. பிறவிக் குறைபாடுகளும் நரம்பு நோய்களும் பெருகுவதாக ஊர் அலறியது. 2001இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பத்ரெ கிராமத்தில் மாதிரி எடுத்துச் சோதித்தது. தண்ணீர், மண், ரத்தம், தாய்ப்பால் வரை எண்டோசல்ஃபான் இருந்ததாக அறிவித்தது. தோட்டக் கழகமும் தன் பங்குக்கு ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தது. செய்தது நம் தமிழ்நாட்டு நிறுவனம்: படப்பையில் உள்ள ஃபிப்பாட் ஆய்வகம். தண்ணீரிலும் ரத்தத்திலும் எச்சம் இல்லை என்றது அதன் அறிக்கை.

மாதிரி எடுத்த நாளும் முறையும் வேறு என்று இரு தரப்பும் வாதாடலாம். முதல் சோதனையைச் செய்தது பூச்சிமருந்துக்கு எதிராகப் பேசிவந்த அமைப்பு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது சோதனைக்குச் செலவழித்தவரே மருந்து தெளித்தவர். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது சாப்பாட்டுப் பந்திக்கு நல்ல பழமொழி, ஆய்வகத்துக்கு ஆகாது.

தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு, அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் களமிறங்கியது. தெளிப்புப் பகுதியில் 117 சிறுவர்கள், ஒப்பீட்டுக்கு வேறு ஊரில் 90 சிறுவர்கள். பாதிக்கப்பட்ட பகுதிச் சிறுவர்கள் பருவமடைவது தாமதமாகிறது என்ற முடிவு 2003 டிசம்பரில் சர்வதேச ஆய்விதழில் வெளியானது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு என்றால் நலன் முரண் தீர்ந்ததா? அதுவும் இல்லை. எண்டோசல்ஃபான் தயாரித்த நிறுவனங்களில் ஒன்றான ஹிந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் மத்திய அரசுக்குச் சொந்தமானது! எண்டோசல்ஃபானுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2011 மே மாதத்தில்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1960களில் அமெரிக்கச் சர்க்கரைத் தொழில் அமைப்பு ஹார்வர்ட் விஞ்ஞானிகளுக்கு அன்றைய மதிப்பில் சுமார் 6,500 டாலர் கொடுத்தது. 1967இல் வெளியான அவர்களுடைய கட்டுரை இதய நோய்க்குக் கொழுப்பை முன்னிறுத்தியது, சர்க்கரை தப்பித்தது. பணம் வந்த வழி கட்டுரையில் இல்லை. பழைய கடிதங்களிலிருந்து அது அம்பலமானது 2016இல்.

இதனால் நிறுவனப் பணத்தில் நடக்கும் ஆய்வெல்லாம் பொய் என்று முடிவுகட்டிவிட முடியாது. புதிய மாத்திரைகளில் பெரும்பாலானவற்றைச் சோதிக்கும் செலவை நிறுவனங்களே ஏற்கின்றன. எந்த மருந்தோடு ஒப்பிடுவது, எத்தனை மாதம் பார்ப்பது, பாதகமான முடிவை வெளியிடுவதா மேசைக்குள் பூட்டுவதா என்று தீர்மானிக்கும் இடங்களில்தான் செல்வாக்கு நுழைகிறது. ஒரு எண்ணைக்கூடத் திருத்தாமலே முடிவைச் சாய்த்துவிடலாம்.

இந்தியாவில் மருந்துப் பரிசோதனைகளுக்கு 2007 முதல் ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. 2009 ஜூன் முதல் பதிவது கட்டாயம். செலவை ஏற்றவர் யார் என்பதற்கு அதில் தனி இடம் உண்டு. இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் ஒருவரைப் பரிசோதனையில் சேர்க்கக் கையெழுத்துக் கேட்டால், அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.