ஒரு மழை, பத்தாம் நாள் பூ

குளிர்நாட்டு டியூலிப் கிழங்குக்குப் பல வாரக் குளிர் பட்டால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூ வரும். கொல்லிமலையில் பனிப்பொழிவு ஏது? அங்குள்ள அரியூர் நாட்டுப் பக்கம் மார்ச், ஏப்ரலில் போகிறவர்கள் சில்வர் ஓக் நிழலில் நிற்கும் காபிச் செடியைப் பாருங்கள். இங்கே குளிர்காலத்தின் வேலையைச் செய்வது வறட்சி.

இலைக்கணுக்களில் வரும் காபி மொட்டு சில மில்லிமீட்டர் வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். செத்துப்போகவில்லை, உறங்குகிறது. மழையில்லாத வாரங்களில் செடிக்குள் நீர் குறையக் குறைய, மொட்டு விழிப்பதற்குப் பக்குவமாகிறது. முந்தி வந்த மொட்டும் பிந்தி வந்த மொட்டும் இந்தக் காத்திருப்பில்தான் ஒரே வரிசைக்கு வருகின்றன. பிறகு ஒரு நல்ல கோடைமழை. சூடு சட்டென்று தணிகிறது, நீர் மொட்டுக்குள் பாய்கிறது, ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஊக்கி கூடுகிறது. எட்டிலிருந்து பத்து நாளில் தோட்டமே வெள்ளை. மல்லிகையை நினைவூட்டும் மணம்.

வேடிக்கை என்னவென்றால், தாகமே தெரியாமல் ஆண்டு முழுக்க நீர் பாய்ச்சிய செடி இப்படி ஒன்றாகப் பூக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். பழமும் அப்படியே பழுக்கும், பறிக்கிறவர் பாடு திண்டாட்டம். பூ இருப்பதோ இரண்டு மூன்று நாள். மிளகுக்கொடிக்குக் கீழே உதிர்ந்து பழுப்பாகக் கிடக்கும்.