மேர்சேனின் எண்ணும் மறைந்துபோன உழைப்பும்

147,573,952,589,676,412,927 என்பது இருபத்தோர் இலக்கங்களைக் கொண்ட எண். அறுபத்தேழு இரண்டுகளைத் தம்முட் பெருக்கி, வரும் தொகையில் ஒன்றைக் குறைத்தால் இது கிடைக்கும். 1644 இல் பிரான்சியத் துறவியான மரேன் மேர்சேன் வெளியிட்ட பட்டியலொன்றில் இது முதன்மை எண்ணாக, அதாவது ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணாக, இடம்பெற்றது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அக்கூற்று மறுக்கப்படாது நிலவிற்று.

1876 இல் எதுவார் லூக்கா இது சேர்த்தி எண்ணே என நிறுவினார். காரணி ஒன்றைத்தானும் காணாமலே நிறுவினார் என்பது ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. வர்க்கித்தலும் மீதி காண்டலுமாகச் செல்லும் தொடரொன்றின் முடிவில் பூச்சியம் வராவிடின், எண் முதன்மையன்று. வகுபடும் என்பது தெளிவாயிற்று. எதனால் வகுபடும் என்பது தெரியவில்லை. அறிவின் இவ்விரு நிலைகளையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் கணிதத்துக்கு வெளியேயும் பலர்.

1903 ஒக்தோபரில் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங் நெல்சன் கோல், நியூயோர்க்கிற் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தின் முன் அக்காரணிகளை வெளியிட்டார். 193,707,721 ஐ 761,838,257,287 ஆற் பெருக்கினால் மேற்குறித்த எண் வரும். கோல் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையிற் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்றும், எவ்வளவு காலம் பிடித்தது எனப் பின்னர் வினவியபோது மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றார் என்றும் ஈ. ரி. பெல் எழுதியுள்ளார். பெல் வரலாற்றுக்கு மெருகேற்றும் பழக்கமுடையவர். ஆதலின் இக்கதையை அப்படியே ஏற்றல் வேண்டியதில்லை.

கதையிலும் முக்கியமானது அது மறைப்பது. தனிமனித மேதைமை பற்றிய முதலாளித்துவக் கற்பனைக்கு மௌனமான பேராசிரியர் மிகவும் உவப்பானவர். ஆனால் அவரது தேடல் வெறுவெளியில் தொடங்கியதன்று. இவ்வெண்ணின் காரணி எதுவாயினும் அது 134 இன் மடங்கிலும் ஒன்று கூடியதாகவே இருக்கும். இதற்கு அடிப்படையான விதியைப் பேர்மா 1640 இல் மேர்சேனுக்கே கடிதமூலம் தெரிவித்திருந்தார். சிறிய காரணி 134 இன் 1,445,580 ஆவது மடங்குக்கு அடுத்த எண். ஆகவே அவ்விதியொன்றையே துணைக்கொண்டு தேடுவோன் பதினான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட எண்களைச் சோதிக்க நேரும். எட்டால் வகுக்க 1 அல்லது 7 மீதியாக வருவனவே காரணியாகலாம் என்ற மற்றொரு விதி அத்தொகையைப் பாதியாக்கும். வர்க்க மீதிகள் பற்றிய, ஒயிலர், கவுஸ் முதலியோர் வளர்த்த கோட்பாட்டைக் கொண்டு கோல் எஞ்சியவற்றை மேலும் சலித்தெடுத்தார். தலைமுறைகளின் திரண்ட உழைப்பே அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பயனுடையனவாக்கிற்று.

விளைபொருளில் உழைப்பின் சுவடு தெரிவதில்லை. அப்பெருக்கலைப் பள்ளி மாணவனும் தாளிற் செய்து சரிபார்க்கலாம். கண்டுபிடித்தற்கோ ஆண்டுகள் வேண்டியிருந்தன. செய்தற்கும் சரிபார்த்தற்குமிடையிலான இவ்வேற்றுமை இன்று வணிகப் பெறுமதியும் பெற்றுள்ளது. 1977 இல் வகுக்கப்பட்ட ஆர். எஸ். ஏ. மறைகுறியீட்டு முறை, நூற்றுக்கணக்கான இலக்கங்களையுடைய எண்களின் காரணிகளைக் காண்டல் கடினம் என்பதையே தன் காவலாகக் கொண்டது. கோலின் எண்ணை இன்றைய கணினி கணப்பொழுதிற் பிளந்துவிடும்.

67 என்பது 61 இன் அச்சுப்பிழையாகலாம் எனக் கருதியோரும் உளர். 61 க்குரிய எண் முதன்மையானது என்பதை 1883 இல் காட்டியவர் பெர்வூஷின் என்னும் இரசியப் பாதிரியார். 89, 107 ஆகியவற்றையும் மேர்சேன் தவறவிட்டிருந்தார். 257 ஐப் பிழையாகச் சேர்த்திருந்தார். பட்டியல் முழுவதும் சரிபார்க்கப்பட்டு முடிந்தது 1947 இல்.