ஆறாத புண்ணும் அளவான ஈரமும்

நம் வணிகப் பெருமக்களில் பலருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சர்க்கரை நீண்ட காலம் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும். இரத்த ஓட்டமும் குறையக்கூடும். கோணி ஊசி குத்தினாலும், சரக்குப் பெட்டியின் ஆணி ஏறினாலும் வலி தெரியாது. தரையில் இரத்தக் கறையைக் கண்ட பிறகே காலைத் தூக்கிப் பார்ப்போம்.

பார்த்ததும் என்ன செய்கிறோம்? நம் கடையிலுள்ள மஞ்சள் தூளையோ காப்பித் தூளையோ அப்பி, "காற்றாட விட்டால் காய்ந்துவிடும்" என்று வியாபாரத்தைக் கவனிக்கப் போய்விடுகிறோம். இப்படிக் கழியும் பத்து நாளில்தான் சிறு புண் விரலையும், சில சமயம் காலையும் கேட்கும் புண்ணாகிறது.

காயம் காய வேண்டும் என்பது சரியல்ல. நெல் வியாபாரம் அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஈரம் மிகுந்தால் பூசணம் பிடிக்கும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் அரைவையில் குருணையாகும். புண்ணுக்கும் அப்படி அளவான ஈரப்பதம் வேண்டும்.

1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பன்றிகளின் மேல் உண்டாக்கிய சிறு காயங்களில் சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மற்றவற்றைக் காற்றில் காயவிட்டார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காய்ந்த பொருக்கின் அடியில் தோல் வழி தேடி அலைய வேண்டும். ஈரத்தில் நேராகப் படரும். பாலித்தீன் என்றதும் கடைப் பையை எடுத்துச் சுற்றிவிடக் கூடாது! உலர்ந்த புண்ணுக்கு ஹைட்ரோஜெல், நீர் கசியும் புண்ணுக்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் அல்லது நுரைப்பஞ்சு என்று மருத்துவர் புண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்.

ஆழமான புண்ணுக்கு மற்றொரு முறை உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் லூயிஸ் அர்ஜென்டா, மைக்கேல் மோரிக்வாஸ் என்ற இருவர், 300 காயங்களுக்கு இம்முறையில் வைத்தியம் செய்த அனுபவத்தை 1997-இல் வெளியிட்டனர். புண்ணுக்குள் பஞ்சு வைத்து, மேலே காற்றுப் புகாத தாள் ஒட்டி, குழாய் வழியாகச் சிறு பம்பு கொண்டு உறிஞ்சுவதே இம்முறை. உறிஞ்சும் அழுத்தம் பெரும்பாலும் 125. இரத்த அழுத்தம் அளக்கும் அதே பாதரசக் கணக்குதான். கழிவு நீர் வெளியேறும், வீக்கம் தணியும், புண்ணின் ஓரங்கள் நெருங்கி வரும், புதுச்சதை வளரும். பொதுவாக 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்றுவார்கள். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் அழுகலை அறுத்து நீக்கிய பின் இருக்கும் புண்ணுக்கே இது பெரிதும் பயன்படுகிறது.

ஆனால் இது மந்திரம் அல்ல. அழுகல் நீக்காத புண், வைத்தியம் செய்யாத எலும்புச் சீழ், புற்றுநோய்ப் புண், இரத்தக் குழாய் வெளியே தெரியும் புண் ஆகியவற்றில் இதை வைக்கலாகாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரத்த ஓட்டமின்றிக் கறுத்து உலர்ந்த விரலை வீட்டில் ஈரப்படுத்தவும் கூடாது.

நாம் கணக்குப் பார்க்கும் இனத்தவர். எந்திர வாடகை எவ்வளவு, ஒவ்வொரு கட்டுக்கும் தனிக் கட்டணமா, எத்தனை கட்டு வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. எந்தக் கட்டுப் போட்டாலும் மூன்று காரியங்கள் தவறக் கூடாது: சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், பாதத்தின் இரத்த ஓட்டத்தைப் பரிசோதிக்க வேண்டும், புண்ணின் மேல் உடல் எடை ஏறக் கூடாது. புண்ணோடு கடையில் நாள் முழுதும் நின்றால் எந்த மருந்தும் பலிக்காது.

இரவு கடை பூட்டியதும் கல்லாவை எண்ணுகிறோம். அதோடு இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுவோம். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும், அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லட்டும். புண் தெரிந்தால் மறுநாளே மருத்துவரிடம் செல்வோம். கடையை ஒரு நாள் பூட்டினால் மறுநாள் திறந்துகொள்ளலாம். போன கால் திரும்பி வராது.