கொல்லைக் கதவு திறந்த ஹெட்போன்

குள்ளஞ்சாவடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தப் பணி. ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் அவருக்கு இளையராஜா வேண்டும். கல்லூரியில் படிக்கும் தம்பிக்கு வேலரன்ட் என்ற கணினி ஆட்டம் ஆட வேண்டும். இருவருமாகக் காசு சேர்த்து ஒரே ஒரு ஹெட்போன் வாங்கப் போகிறார்கள். ‘ஓப்பன் பேக்’ வாங்கு என்று கேட்ட இடமெல்லாம் சொல்கிறார்களாம். ஆனால் ஒரு பெட்டியில் ‘இசைக்கு’ என்றும் இன்னொரு பெட்டியில் ‘கேமிங்’ என்றும் போட்டிருக்கிறதே, எதை எடுப்பது என்பது கேள்வி. வீட்டில் படுக்கவும் படிக்கவும் ஒரே அறைதான் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் ஒரு தகவலும் இருக்கிறது. பதிலில் பாதி அந்த வரிக்குள் அடங்கிவிடும். அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

ஹெட்போனுக்குள் ஒலி எழுப்புவது ஒரு மெல்லிய படலம். அது காதை நோக்கி நகரும்போது முன்னால் இருக்கும் காற்றை அழுத்துகிறது. அதே கணத்தில் முதுகுப் பக்கத்துக் காற்றைத் தளர்த்துகிறது. ஆகவே பாட்டு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று காதுக்குள் போகிறது; மேடு பள்ளம் தலைகீழாக மாறிய இன்னொன்று வெளிப்பக்கமாகப் புறப்படுகிறது. கேட்க ஆளில்லாத அந்த இரண்டாவது பாட்டை என்ன செய்வது என்பதில்தான் ஹெட்போன்கள் இரண்டு சாதியாகப் பிரிகின்றன. மூடிய வகையில் அதைக் கிண்ணத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். திறந்த வகையில், அதாவது ‘ஓப்பன் பேக்’கில், கிண்ணத்துக்குப் பதில் ஒரு வலை. பாட்டு அதன் வழியே போய்விடுகிறது.

நம் பழைய வீடுகளில் வாசலும் கொல்லையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நடுவில் கூடத்துக் கதவு. கொல்லைக் கதவையும் சன்னல்களையும் அடைத்துவிட்டு அந்த நடுக்கதவை வேகமாகச் சாத்திப் பாருங்கள். கடைசி ஒரு சாண் தூரத்தில் யாரோ மறுபக்கம் கை வைத்துத் தடுப்பதுபோல இருக்கும். கொல்லையைத் திறந்துவிட்டுச் சாத்தினால் ‘படார்’ என்று அடித்துக்கொள்ளும். கதவும் அதேதான், கையும் அதேதான். அடைபட்ட காற்று ஸ்பிரிங் ஆகிறது, வழி கிடைத்த காற்று நகர்ந்துகொள்கிறது. ஹெட்போன் படலம்தான் அந்த நடுக்கதவு. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாத்தித் திறக்கும் கதவு.

கொல்லை அடைத்த வீட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. அடுப்படியில் மிளகாய் தாளித்தால் நெடி வெளியேற வழியில்லாமல் கூடத்துக்கே திரும்பி வந்து, உட்கார்ந்திருக்கிற விருந்தாளியை இரும வைக்கும். முதுகுப் பாட்டும் அப்படித்தான். கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்புகிறது. படலம் அவ்வளவு மெல்லியது என்பதால் அதன் வழியாகவே கொஞ்சம் கசிந்து, சற்றுத் தாமதமாகக் காதுக்கு வந்து சேர்கிறது. கொல்லையைத் திறந்தால் நெடி போய்விடும். ஆனால் வீட்டுச் சண்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், தெருப் புழுதியும் உள்ளே வரும். திறந்த ஹெட்போனின் குணம், குற்றம் எல்லாவற்றையும் இந்த வீட்டுக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

என்னை உண்மையில் மயக்குவது இதற்கு அடுத்த கணக்கு. கிண்ணத்தின் ஆழம் 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். காற்றில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது. அந்த 3 செ.மீ.க்குள் அரை அலை பொருந்தி நிற்க வேண்டுமானால் அதிர்வெண் ஏறத்தாழ 5,700 ஹெர்ட்ஸ். கிண்ணம் தன் சொந்தக் குரலில் முனகுவது இந்த வட்டாரத்தில்தான். கிண்ணத்தின் வடிவமும் உள்ளே வைக்கும் பஞ்சும் இதைக் கொஞ்சம் முன்பின் நகர்த்தும், அடக்கவும் செய்யும். ஆனால் வட்டாரம் அதுதான். நம் காதுமடல் திசையை எழுதி வைத்திருக்கும் வட்டாரமும் அதுவே.

முந்திரித் தோப்புக்குள் நடக்கும்போது யாரோ கூப்பிட்டால் சட்டென்று அந்தப் பக்கம் திரும்புகிறோம். வலப்பக்கத்துக் குரல் வலக்காதுக்கு முதலில் வருகிறது. நேர் பக்கவாட்டிலிருந்து வந்தாலும் இரண்டு காதுக்கும் இடையில் உள்ள தாமதம் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, 0.65 மில்லி விநாடி அளவுதான். அதிலும் மிக நுண்ணிய வேறுபாட்டை, 10 மைக்ரோ விநாடியை, மூளை பிடித்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் ஒலி கடக்கும் தூரம் மூன்றரை மில்லிமீட்டர். ஒரு பச்சைப்பயறின் அகலம்!

ஆனால் இந்தக் கணக்கு இடம், வலம் சொல்லும். முன், பின் சொல்லாது. நேர் எதிரே நிற்பவர் குரலும் நேர் பின்னால் நிற்பவர் குரலும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வருகின்றன. அங்கே காதுமடலின் மடிப்புகள் வேலை செய்கின்றன. ஒலி வரும் கோணத்துக்கு ஏற்ப ஐயாயிரம், பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு இடையில் சில இடங்களைத் தூக்கி, சில இடங்களைப் பள்ளமாக்கி அனுப்புகின்றன. அந்தப் பள்ளங்களைப் படித்துத்தான் மூளை முன்னா பின்னா, மேலா கீழா என்று முடிவு செய்கிறது. 1998-ல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலருடைய காதுமடலுக்குள் அச்சு வார்த்து வைத்து அதன் வடிவத்தை மாற்றினார்கள். மேல் கீழ் தெரியாமல் அவர்கள் குழம்பிப்போனார்கள். அச்சோடே நடமாடவிட்டபோது சில வாரங்களில் மூளை புதுக் காதைப் படிக்கக் கற்றுக்கொண்டது. அச்சை எடுத்ததும் பழைய காதும் உடனே வேலை செய்தது. இரண்டு காதுக்கான அகராதியையும் மூளை பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் பரிசோதனை இது.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். கண்ணை மூடி உட்காருங்கள். ஒருவர் சாவிக்கொத்தை உங்கள் மூக்குக்கு நேரேயும் பின்மண்டைக்கு நேரேயும் மாற்றி மாற்றிக் குலுக்கட்டும். சரியாகச் சொல்வீர்கள். பிறகு காதுமடலை மடக்கித் தலையோடு அழுத்திக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

ஆகவே மூடிய கிண்ணத்தின் முனகல், திசைக் கையெழுத்து இருக்கும் அதே காகிதத்தில் மை சிந்துகிறது. திறந்த ஹெட்போனில் அந்தக் கறை குறைவு. என் கண்ணில் அதன் முக்கியமான நன்மை இவ்வளவுதான், ஆனால் இது பெரிய நன்மை. பாட்டில் வயலின்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கேட்பதும், ஆட்டத்தில் எதிரியின் காலடி தெளிவாகக் கேட்பதும் இதே காரணத்தால்தான். படலத்துக்கு இளையராஜாவையும் தெரியாது, துப்பாக்கிச் சத்தத்தையும் தெரியாது. ‘கேமிங்’ என்ற எழுத்துக்கு இயற்பியலில் பொருள் இல்லை. பெரும்பாலும் அதற்குப் பொருள் ஒரு மைக்கும் சில வண்ண விளக்குகளும்.

அதற்கு மேல் சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். ‘கச்சேரி மேடையே கண்முன் விரியும்’ என்கிறார்கள். விரியாது. ஸ்டீரியோ பாட்டுகள் எதிரே வைத்த இரண்டு ஒலிபெருக்கிகளுக்காகக் கலக்கப்படுபவை. தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோவின் தொடக்கமாகச் சொல்லப்படும் 1978-ன் ‘ப்ரியா’ பாடல்களும் அப்படியே. எந்த ஹெட்போனில் கேட்டாலும் பாடகர் இரண்டு காதுக்கும் நடுவில், மண்டைக்குள்தான் நிற்பார். திறந்த வகையில் நம் அறையின் சத்தமும் கூடவே கேட்பதால், அடைபட்ட உணர்வு நீங்குகிறது. அந்த விடுதலை நிஜம், மேடை கற்பனை.

பெட்டியில் ‘7.1 சரவுண்ட்’ என்று போட்டிருப்பதும் அநேகமாக ஒரு காதுக்கு ஒரு படலம்தான், மிச்சம் மென்பொருள். வேலரன்ட் போன்ற ஆட்டங்களில் எச்.ஆர்.டி.எஃப். என்ற அமைப்பு உள்ளேயே இருக்கிறது. காதுமடல் செய்யும் மேடு பள்ளங்களைக் கணக்கிட்டு ஒலியில் பதிப்பது அதன் வேலை. அதைப் போட்டுக்கொண்டு 7.1-ஐயும் போட்டால் மடலுக்கு மேல் மடல் வைத்ததுபோல் ஆகும். தம்பி இரண்டில் ஒன்றை அணைத்துவிட வேண்டும், நான் 7.1-ஐ அணைப்பேன்.

வரலாறு வேண்டுபவர்களுக்கு: 1910-ல் நத்தானியேல் பால்ட்வின் செய்த ஹெட்போன்கள் அமெரிக்கக் கடற்படைக்குப் போயின. 1958-ல் ஜான் காஸ் ஸ்டீரியோவில் பாட்டு கேட்க ஒன்று செய்தார். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர், மஞ்சள் பஞ்சு வைத்த எச்டி 414 மூலம் கொல்லைக் கதவைத் திறந்தது. இந்த மூன்றும் போதும்.

இனி குள்ளஞ்சாவடி. வெயில் காலத்தில் மின்விசிறி இல்லாமல் அந்த அறையில் உட்கார முடியாது. முழு வேகத்தில் ஓடும் விசிறியின் இரைச்சல் வலை வழியே தடையில்லாமல் உள்ளே வரும். மெல்லிய காலடி ஓசை முதலில் மூழ்குவது அதில்தான். கடலூர் – விருத்தாசலம் சாலையில் போகும் லாரி ஹாரனும் வரும். தம்பி ஒலியைக் கூட்டுவார். பாட்டிலும் தாழ்ந்த சுருதி கொஞ்சம் மெலிந்தே கேட்கும். மூக்குக் கண்ணாடியின் காம்பு ஹெட்போனின் காது மெத்தைக்கு அடியில் இடைவெளி விட்டால் இன்னும் மெலியும். மறுபுறம், நம் வேர்வைக்குத் திறந்த வகையும் துணி மெத்தையும் பெரிய ஆறுதல். மைக்கில் பேசும்போது தன் குரல் தனக்கே இயல்பாகக் கேட்பதால் யாரும் கத்த மாட்டார்கள்.

அண்ணனைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 என்றால் வெறும் 4 மணி நேரம் கேட்பதுதான் பாதுகாப்பு. காது அந்தக் கணக்கை வேலைக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைப்பதில்லை. இரைச்சலில் எட்டு மணி நேரம் நின்று வந்த காது சில மணி நேரம் மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் சரியாகக் கேட்கிறது என்று வைக்கும் ஒலி, உண்மையில் அதிகமான ஒலி. வந்தவுடன் மாட்டாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து கேளுங்கள். பணியிடத்தில் காதடைப்பானைக் கழற்றாதீர்கள். எந்த ஹெட்போன் வாங்கினாலும் இது மாறாது.

நைட் ஷிப்ட் முடித்து நீங்கள் பகலில் தூங்கும் அறையிலேயே தம்பி ஆடுவாரானால், திறந்த வகை வேண்டாம். வலை வழியே கசியும் அந்த இரண்டாவது பாட்டு உங்கள் தலைமாட்டில்தான் வந்து விழும். நல்ல மூடிய வகை ஒன்றை வாங்கிவிடுங்கள். தம்பி ஆட வேறு இடம் இருந்தால் திறந்த வகையே எடுக்கலாம். அப்போதும் பெட்டியில் மின் எதிர்ப்பைக் காட்டும் ஓம் எண்ணைப் பாருங்கள். சென்ஹைசர் எச்டி 600-க்கு 300 ஓம், பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவில் பரவலாக விற்பது 250 ஓம். அவற்றுக்குத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் செலவு வரும். 32 ஓம் பிலிப்ஸ் எஸ்எச்பி 9500 போன்றவை போனிலேயே ஓடும். மைக் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கியதும் முதல் பாட்டை இரவு ஒன்பதரைக்கு மேல் மொட்டை மாடியில் கேளுங்கள். அங்கே விசிறி இல்லை.