ஆறு அங்குலத் துணி

அரசுப் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்த காலம் முழுக்கப் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "இதைக் கத்துக்கிட்டா என்ன வருமானம் வரும் டீச்சர்?" மெஷின் தையல் என்றால் பதில் உண்டு. எம்ப்ராய்டரிக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்கும் அந்தக் கணக்கு சரிவராது. ஒரு போர்வை முடிய மாதக்கணக்கில் உட்கார வேண்டும். ஆனால் வீட்டுச் சண்டையைப் பார்த்துவிட்டு முகம் இறுகி வரும் பிள்ளை, சங்கிலித் தையலில் நாலு வரிசை போட்டதும் பக்கத்தில் இருப்பவளோடு பேசத் தொடங்குவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அது ஏன் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

எனக்கு அதை விளங்கவைத்தது சிங்கப்பூரில் நடந்த ஒரு கதை. 1942 பிப்ரவரியில் அந்த ஊர் ஜப்பானியர் கையில் விழுந்தது. நானூறுக்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார்கள். பலருடைய கணவன்மார் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாது. கடிதம் கூடாது, பேச்சு கூடாது. அப்போது எதெல் மல்வனி என்ற கனடா நாட்டுப் பெண் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரத்தில் ஒரு துணி. அதில் தன் பெயரையும் தன்னைப் பற்றிய ஏதாவது ஒன்றையும் நூலால் வரைய வேண்டும். சிலர் பூ தைத்தார்கள், சிலர் சொந்த ஊரை, சிலர் சிறை அறையையே. அறுபத்தாறு சதுரங்களைச் சேர்த்து ஒரு போர்வை என்று மூன்று போர்வைகள் உருவாயின. ஒன்று காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலியருக்கு, ஒன்று ஜப்பானியருக்கு. ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகும் போர்வையில் மனைவியின் பெயரைக் கணவன் பார்த்தால், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று புரிந்துகொள்வான். மூன்றில் இரண்டை இன்றும் கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் வைத்திருக்கிறார்கள். அதே சிறையில் இருந்த சிறுமிகள், தங்கள் சாரணியர் தலைவி எலிசபெத் என்னிஸின் பிறந்தநாளுக்காக, கிடைத்த துணித் துண்டுகளை அறுகோணமாக வெட்டி ரகசியமாக ஒரு போர்வை தைத்தார்கள்.

எப்போது சாப்பாடு, எப்போது விடுதலை, எதுவும் அந்தப் பெண்கள் கையில் இல்லை. ஊசி அடுத்து எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பது மட்டும் அவர்கள் கையில் இருந்தது. கைவேலை மனசுக்குச் செய்கிற உதவியின் வேர் இதுதான் என்று நான் நம்புகிறேன். கவலை என்பது நம்மால் ஒன்றும் செய்ய முடியாததைச் சுற்றிச் சுற்றி வருவது. தையல் நம்மால் செய்ய முடிந்த ஒன்றை, அதுவும் கண்ணுக்குத் தெரியும்படி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது.

இதை மருத்துவர்கள் முன்னமே கவனித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியில் மனநல மருத்துவராக இருந்த வில்லியம் ரஷ் டண்டன், நோயாளிகளுக்குக் கைவேலை கொடுத்துத் தேற்றியவர். ஆக்குபேஷனல் தெரபி என்று இன்று ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பிரிவுக்காக அமெரிக்காவில் 1917-ல் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஒட்டுப்போர்வைகள் மேல் அவருக்கு இருந்த ஈடுபாடு எவ்வளவு என்றால், 1946-ல் அவற்றைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதித் தானே வெளியிட்டார்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு போர்வைத் தையல் குழுவைச் சேர்ந்த 29 பேரிடம் பேசி எடுத்த ஆய்வு 2012-ல் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது நிறத்தைப் பற்றி அவர்கள் சொன்னது. பளிச்சென்ற நிறத் துணிகளைத் தொட்டு, அடுக்கி, பொருத்திப் பார்ப்பதே மனசைத் தூக்கிவிடுகிறதாம். வெயிலே எட்டிப் பார்க்காத குளிர்காலம் உள்ள ஊரில் அது சாதாரண விஷயமில்லை. பிலடெல்பியாவில் நடந்து 2016-ல் வெளியான இன்னொரு ஆய்வில் 39 பேரை முக்கால் மணி நேரம் களிமண், காகிதம், வண்ணப் பேனா என்று கைவேலை செய்யவிட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் சுரப்பு அது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. "எனக்குக் கை வராது" என்று ஒதுங்குகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

ஆண்களுக்கும் இது பொருந்தும். பிரிட்டனில் 1997 முதல் ஃபைன் செல் வொர்க் என்ற அமைப்பு சிறைக் கைதிகளுக்கு எம்ப்ராய்டரியும் போர்வைத் தையலும் கற்றுத் தருகிறது. லண்டனின் வாண்ட்ஸ்வர்த் சிறையில் இருந்த ஆண்கள் தைத்த போர்வை 2010-ல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வந்தது. நம் பள்ளிகளில் பையன்கள் கையில் ஊசி கொடுக்காமலே வளர்த்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இப்போது செவ்வாய்க்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சில பெண்கள் கூடுகிறார்கள். ஒருத்தி தன் கணவரைப் பக்கவாதத்தில் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். மகள் வந்து அப்பாவோடு இருக்கும் நேரத்தில் இங்கே ஓடி வருவாள். "இங்க வந்து உக்காந்தா ஊசி போற எடத்தத்தான் டீச்சர் பாக்கத் தோணுது. வேற ஒண்ணும் ஓட மாட்டேங்குது" என்றாள். அவள் தைப்பது பிரசவத்துக்கு வந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குழந்தைக்கு. யாருக்காகத் தைக்கிறோம் என்று தெரிந்திருந்தால் கை நிற்பதில்லை. இதையும் சாங்கிப் பெண்கள் அறிந்திருந்தார்கள்.

தூக்கமே வராமல், சாப்பாடு இறங்காமல், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஊசி நூல் மருந்துக்குத் துணை, மாற்று அல்ல.

தொடங்க நினைப்பவர்களுக்குப் புதுத் துணி வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்றான நூல்புடவை இரண்டை மடித்து அடுக்கி, விளிம்பு நகராமல் பெரிய தையலாக முதலில் தொட்டுக்கொள்ளுங்கள். பிறகு நேர்கோட்டில் ஓட்டுத்தையல் மட்டும். ஒரு முழ நூலுக்கு மேல் எடுத்தால் சிக்கும். விரலுறை போட்டுக்கொள்ளுங்கள், மணிக்கட்டு வலித்தால் எடுத்து வைத்துவிடுங்கள். ஊசிக் காது தெரியாதவர்கள் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, நாலைந்து ஊசிகளில் ஒரேயடியாக நூல் கோர்த்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.