ஒரே ஆள்களப் பெயர், பல அஞ்சற் சேவையகங்கள்

மாணவர்களே, மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னுள்ள பகுதி ஆள்களப் பெயராகும். அனுப்பும் சேவையகம் அப்பெயருக்குரிய எம்.எக்ஸ். பதிவுகளை ஆள்களப் பெயர் முறைமையில் தேடும். முன்னுரிமை எண்கள் 10, 20 ஆயின் முதலில் 10 ஐயே நாடும்; அது இயங்காவிடின் 20 ஐ நாடும். பெரிய எண்ணே முதன்மையானது என எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள்.

எம்.எக்ஸ். பதிவு பயனர் பெயரை நோக்காது. எனவே அஞ்சற்பெட்டிகள் அ, ஆ எனும் இரு சேவையகங்களில் பிரிந்திருப்பின், அஞ்சலை முதலில் பெறும் அ பின்வருமாறு செயற்பட வேண்டும்.

1. பெட்டி தன்னிடம் இருப்பின் அதில் சேர்த்தல்.
2. இல்லையெனின் எஸ்.எம்.ரி.பி. நடப்பொழுங்கின் மூலம் ஆ இற்கு அனுப்புதல். இதற்கு ஆ இன் ஐ.பி. முகவரியை நேரடியாகக் குறிப்பிட வேண்டும். எம்.எக்ஸ். பதிவைத் தேடினால் அது மீண்டும் அ ஐயே காட்டும்.
3. ஆ இலும் பெட்டி இல்லையெனின், ஆ அதனை நிராகரித்தல்.

கவனிக்க: ஆ நிராகரிக்காது அ இற்கே திருப்பியனுப்பினால் அஞ்சல் இரண்டுக்குமிடையே சுற்றிக்கொண்டிருக்கும். இதுவே அஞ்சற் சுழற்சி எனப்படும்.

பயிற்சி: இரு எம்.எக்ஸ். பதிவுகளின் எண்களும் 10 ஆயின் யாது நிகழும்?
விடை: அஞ்சல்கள் இரு சேவையகங்களுக்கும் எழுமாறாகப் பகிரப்படும்.